வீட்டைப் பார்க்குமுன் இடத்தைப் பாருங்கள்
ஈப்போவில் குடியேற எண்ணும் தோட்டக் குடும்பங்களுக்குச் சில விளக்கங்கள்

தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வளர்ந்து, பால் மரங்களோடு வாழ்நாளைக் கழித்த ஒரு குடும்பம் நகரத்திற்குக் குடிபெயர்வது எளிய செயலன்று. எனினும், அந்த நாள் பல குடும்பங்களுக்கும் ஒரு நாள் வரத்தான் செய்கிறது. குடும்பத் தலைவர் 60 வயதில் ஓய்வு பெறலாம். தோட்டம் கைமாறலாம், பால் மரங்களை அழித்துச் செம்பனை நடலாம். பிள்ளைகளுக்கு நகரத்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கலாம். காரணம் எதுவாயினும், லயத்து வீட்டின் சாவியைத் திருப்பித் தரவேண்டிய நேரத்தில் நாம் ஒரு புதிய கேள்வியைச் சந்திக்கிறோம். எங்கே குடியிருப்பது?

இக்கேள்வி நமக்குப் புதியது என்பதை முதலில் உணர வேண்டும். தோட்டத்தில் நாம் வீடு தேடியதில்லை. கிராணியார் எண்ணைச் சொன்னார். நாம் அந்த வீட்டில் குடிபுகுந்தோம். பள்ளி, கோயில், கடை, மருந்தகம் யாவும் நடந்து செல்லும் தூரத்திலேயே இருந்தன. நகரத்தில் இவை அனைத்தையும் நாமே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வாடகையை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்வது இயல்பே. ஆனால் அங்குதான் தவறு நேர்கிறது.

பேரா மாநிலத் தோட்டங்களிலிருந்து பலரும் நாடிச் செல்லும் நகரம் ஈப்போ. ஆகவே, அந்நகரத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு வட்டாரத்தை எவ்வாறு ஆராய வேண்டும் என்பதை இங்கே விளக்குவோம்.

மலைகளுக்கு நடுவே ஒரு நகரம்

1988ஆம் ஆண்டு மே மாதம் மாநகர் தகுதி பெற்ற ஈப்போ, கிந்தா பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். அத்தொடரில் 2,183 மீட்டர் உயரமுள்ள கொர்பு மலை, பேராவிலேயே மிக உயர்ந்த சிகரமாகும். மேற்கே கிளேடாங் மலைத்தொடர். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சமவெளியில், சுவர் எழுப்பினாற்போலச் செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலைகள் ஆங்காங்கே தனித்தனியாக நிற்கின்றன. வெண்மையும் சாம்பல் நிறமும் கலந்த இம்மலைகளின் குகைகளில் இந்துக் கோயில்களும் சீனக் கோயில்களும் உள்ளன.

காண்பதற்கு அழகிய நகரம்தான். ஆனால், அங்கே குடியிருக்கப் போகிறவர் அழகோடு வேறு மூன்றையும் பார்க்க வேண்டும். மலை என்ன செய்யும், தண்ணீர் என்ன செய்யும், காலடியில் உள்ள மண் என்ன செய்யும் என்பனவே அவை.

மலையடிவாரம்

ஈப்போவில் தமிழர் மிகுதியாக வாழும் வட்டாரங்களுள் புந்தோங் குறிப்பிடத்தக்கது. அதனருகே குனோங் சீரோ என்ற சுண்ணாம்புக்கல் மலை நிற்கிறது. 1973ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அம்மலையின் ஒரு பகுதி பெயர்ந்து, அடிவாரத்தில் இருந்த நீண்ட வீட்டு வரிசையின் மேல் விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். அவர்கள் வளர்த்த மாடுகளும் மாண்டன. அக்குடும்பங்கள் அறியாமையால் அங்கே வாழவில்லை. ஊருக்கு அருகில், குறைந்த செலவில், மாடு கன்றுகளோடு வாழ அவ்விடம் வசதியாக இருந்தது. ஏழைக்கு வசதியாகத் தோன்றும் இடம், பல வேளைகளில் மற்றவர் வேண்டாமென்று விட்ட இடமாகவே இருக்கிறது.

கல் ஏன் விழுகிறது? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான புளிப்புத் தன்மை பெறுகிறது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. நூறாயிரம் ஆண்டுகளாக இவ்வாறு கரைந்ததால்தான் குகைகள் உண்டாயின. அதே முறையில் மலையின் உள்ளே வெடிப்புகளும் உண்டாகின்றன. அடிவாரத்தை ஓடைநீரும் நிலத்தடி நீரும் அரித்து உட்குழிவாக்குகின்றன. மேலே வெடிப்பு, கீழே குழிவு. இரண்டும் சேரும் நாளில் பெரும்பாறை தன் எடையைத் தாங்க மாட்டாமல் பிரிந்து விழுகிறது. மழை பெய்யாத நாளிலும் இது நிகழக்கூடும். மண்சரிவு ஓரளவு முன்னறிவிப்புத் தரும், பாறைச்சரிவு தராது.

ஆகவே, சுண்ணாம்புக்கல் மலையை ஒட்டிய வீட்டை எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலும் ஏற்க வேண்டாம். வீட்டுக்கும் மலைக்கும் இடையே மலையின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவாவது இருந்தால் மனம் அமைதி கொள்ளும். அடிவாரத்தில் புதிதாக விழுந்த கற்கள் கிடக்கின்றனவா, மலை முகத்தில் பழைய சாம்பல் நிறத்துக்கு நடுவே புதிய வெள்ளைத் தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். புதிய வெள்ளை, அண்மையில் கல் பெயர்ந்ததன் அடையாளம். ஐயம் ஏற்பட்டால் ஈப்போவிலுள்ள கனிம, புவி அறிவியல் துறையின் அலுவலகத்தையும் மாநகர் மன்றத்தையும் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சம் வேண்டா. அது குடிமக்களின் உரிமை.

புந்தோங் முழுவதும் ஆபத்தானது என்று இதற்குப் பொருளன்று. அங்கே நகர மையம் அருகில். சந்தை, கோயில், தமிழ்க் கடைகள் எல்லாம் உண்டு. ஒரே வட்டாரத்தில் நல்ல தெருவும் இருக்கும்; தகாத தெருவும் இருக்கும். வட்டாரத்தின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், தெருவுக்குச் சென்று பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே இதன் பொருள்.

தண்ணீரின் வழி

மலைச் சரிவில் நிரை பிடித்துப் பால் வெட்டிய உங்களுக்கு ஒன்றை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மேலே பெய்த மழை கீழே வந்து சேர நெடுநேரம் ஆகாது. வானம் தெளிந்த பிறகும் காட்டாற்றில் நீர் ஏறும். கிந்தா ஆறும் பாரி ஆறும் பிஞ்சி ஆறும் மலைகளிலிருந்து இறங்கி ஈப்போ வழியே செல்கின்றன. ஏப்ரல் மாதத்தை ஒட்டியும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் பெய்யும் இடிமழை கனமானது. அப்பொழுது ஆற்றோரத் தாழ்நிலங்களிலும் கால்வாய் அடைபட்ட தெருக்களிலும் திடீர் வெள்ளம் ஏற்படுகிறது.

மலையாறு எவ்வளவு கொடியதாக மாறக்கூடும் என்பதற்கு ஈப்போவின் தெற்கே, கம்பார் அருகிலுள்ள போஸ் டிப்பாங் சான்றாகும். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், மலையிலிருந்து சேறும் மரங்களும் கற்களும் கலந்த வெள்ளம் பாய்ந்து அங்கிருந்த ஓராங் அஸ்லி கிராமத்தை அழித்தது. 44 பேர் மாண்டனர்.

வீடு பார்க்கச் செல்லும்போது சுவரின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பழுப்பு நிறக் கோடு தெரிந்தால், அது வெள்ளம் நின்ற அடையாளம். புதுச் சாயம் அக்கோட்டை மறைக்கலாம். ஆனால் கதவு நிலையின் அடி உளுத்திருப்பதை மறைக்க முடியாது. வீட்டுக்காரரைக் கேட்பதைவிட, எதிர் வீட்டு மூதாட்டியைக் கேட்பது மேல். "பாட்டி, இங்கே தண்ணி ஏறுமா?" என்று கேட்டால் ஆண்டையும் மாதத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.

மண்ணின் வரலாறு

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியான ஈயம் தோண்டிய பகுதிகளுள் ஒன்றாகும். 1985ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈய விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சுரங்கங்கள் போயின, ஈயக் குட்டைகள் எஞ்சின. பெர்ச்சாம் போன்ற பகுதிகளில் பழைய சுரங்க நிலத்தைச் சமப்படுத்தி வீடுகள் கட்டியுள்ளனர்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, சுரங்கக் கழிவான சேற்றுமண் நிரப்பிய இடத்தில் சரியான அடித்தளம் இல்லாவிட்டால் வீடு சிறிது சிறிதாக அமிழும். சுவரில் படிக்கட்டு போலச் சாய்ந்து செல்லும் வெடிப்பு, தானே திறந்துகொள்ளும் கதவு, நடுவில் தாழ்ந்த தரை ஆகியவை அதன் அறிகுறிகள். மண்ணுக்கு அடியிலும் சுண்ணாம்புக்கல்லே இருப்பதால், சில இடங்களில் நிலம் திடீரெனக் குழியாக உள்வாங்கியதும் உண்டு. இரண்டாவது, வேலியில்லாத குட்டைகள். அவற்றின் கரை சரிவாக இராமல் செங்குத்தாக இறங்கும். ஓரத்திலேயே ஆள் மூழ்கும் ஆழம் இருக்கும். தோட்டத்து ஓடையில் குளித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடு தெரியாது. வீட்டுக்கருகே குட்டை இருந்தால், வேலி இருக்கிறதா என்று பார்த்த பின்னரே மற்றதைப் பேசுங்கள்.

பள்ளி, பேருந்து, மருத்துவமனை

பாதுகாப்பை உறுதி செய்தபின் அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். ஈப்போவில் தமிழ்ப்பள்ளிகளுக்குக் குறைவில்லை. அரசினர் தமிழ்ப்பள்ளி, குனோங் ராப்பாட் தமிழ்ப்பள்ளி, மெங்கிளம்பு தமிழ்ப்பள்ளி எனப் பல வட்டாரங்களிலும் அவை உள்ளன. பள்ளி இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஏழு வயதுப் பிள்ளை பெரிய சாலையைக் கடக்காமல் அங்கே செல்ல முடியுமா என்பதே கேள்வி. சிம்பாங் பூலாய் பக்கத்தில் கல்லுடைக்கும் மலைகள் இருப்பதால் கனரக லாரிகள் ஓடுகின்றன. அத்தகைய சாலையோர வீட்டில் தூசியும் உண்டு. பிள்ளைகளுக்கு இடரும் உண்டு. வீட்டில் இளைப்பு நோயாளி இருந்தால் அவ்விடம் ஏற்றதன்று.

வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் எந்தத் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும். மெங்கிளம்பு, சிலிபின், தாசேக் ஆகியவை வெவ்வேறு திசைகளில் உள்ளன. வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் அமான்ஜயா நிலையம், மேரு ராயாவில், நகர மையத்திலிருந்து தொலைவில் இருக்கிறது. முதியோர் மாதந்தோறும் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து வாங்கச் செல்ல வேண்டியிருந்தால், அரசாங்க மருந்தகமோ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையோ ஒரே பேருந்தில் போய்வரும் இடமாக இருக்கட்டும். இரண்டு பேருந்து மாறவேண்டிய முதியவர், மூன்றாம் மாதத்தில் மருந்தை நிறுத்திவிடுகிறார்.

ஒரு தாளும் ஒரு பென்சிலும்

வாடகை குறைந்த வீடு செலவு குறைந்த வீடாக இராது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் பார்ப்போம்.

முதல் வீடு தொலைவில் உள்ளது. வாடகை 400 வெள்ளி. இரு பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் 160 வெள்ளி. வேலைக்குச் சென்றுவர மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் 100 வெள்ளி. மொத்தம் 660 வெள்ளி.

இரண்டாம் வீடு பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் அருகில் உள்ளது. வாடகை 550 வெள்ளி. பிள்ளைகள் நடந்து செல்வர். பெட்ரோல் 30 வெள்ளி. மொத்தம் 580 வெள்ளி.

கூடுதல் வாடகை கொடுக்கும் குடும்பமே மாதம் 80 வெள்ளியும் ஆண்டுக்கு 960 வெள்ளியும் மிச்சப்படுத்துகிறது. 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அத்தகைய சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று.

குடிபுகும் நாளில் ஒரு பெருந்தொகை தேவைப்படும் என்பதையும் மறவாதீர்கள். வழக்கமாக இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்காக அரை மாத வாடகை, முதல் மாத வாடகை ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்பர். 550 வெள்ளி வாடகை வீட்டுக்கு இது 1,925 வெள்ளியாகும். கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டும், முத்திரை வரி செலுத்திய எழுத்து ஒப்பந்தமும் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் வாடகை நிலைக்காது.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்காகக் கூட்டரசு அரசாங்கம் கட்டிய மக்கள் வீட்டுத் திட்ட அடுக்குமாடிகளில் மாத வாடகை 124 வெள்ளியாக நிர்ணயிக்கப்பட்டது. வீடு உடனே கிடைக்கும் என்று எண்ண முடியாது. ஆகவே, தோட்டத்தை விட்டு வந்தபின் மனுச் செய்வதைவிட, இருக்கும்போதே மனுச் செய்வது அறிவுடைமை.

வாங்குவதாயின் நிலத்தைக் கேளுங்கள்

ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைச் சில ஆண்டுகளுக்கு முன் பணியின் நிமித்தம் சந்தித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். ஊழியர் சேமநிதியில் சேர்ந்திருந்த பணத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து ஒரு பலகை வீட்டை வாங்கியிருந்தார். விற்றவர் கொடுத்தது ஒரு துண்டுக் காகிதம். இரண்டாண்டு கழித்து, அந்நிலம் வேறு திட்டத்துக்குத் தேவையென அறிவிப்பு வந்தது. நிலம் அரசாங்கத்தினுடையது, விற்றவரிடம் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம் மட்டுமே. "ஐயா, பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். மண்ணு யாரோடதுன்னு கேக்க மறந்துட்டேன்," என்றார் அவர். அவருக்கு விடை சொல்ல என்னிடம் சொல் இல்லை.

தற்காலிகக் குடியிருப்பு உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் நாளோடு முடிகிறது. புதுப்பித்தால்தான் தொடரும். அதனைப் பிறருக்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. எனவே, வீடு வாங்க எண்ணுவோர் நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி, பட்டா யார் பெயரில் உள்ளது, முழு உரிமையா குத்தகையா, குத்தகையாயின் எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளது, அடமானம் உண்டா என்பனவற்றை அறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் செஜாத்திரா கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். அப்பணம் ஒரு முறைதான் கையில் வரும். அதனைக் காகிதத் துண்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்று முறை செல்லுங்கள்

முடிவு செய்யுமுன் அவ்விடத்துக்கு மூன்று முறை செல்லுங்கள். முதல் முறை, காலை ஆறரை மணிக்கு. பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியோர் வேலைக்கும் எவ்வாறு செல்கின்றனர் என்பது தெரியும். இரண்டாம் முறை, பெருமழை பெய்து ஓய்ந்த உடனே. கால்வாயும் ஆறும் தம் இயல்பைக் காட்டிவிடும். மூன்றாம் முறை, இரவு எட்டு மணிக்கு மேல். தெருவிளக்கு எரிகிறதா, பெண்கள் அச்சமின்றி நடக்கின்றனரா, இளைஞர்கள் எங்கே கூடுகின்றனர் என்பன புலப்படும்.

மூன்று முறையும் வீட்டுப் பெண்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். பகல் முழுவதும் அவ்விடத்தில் வாழப்போகிறவர்கள் பெரும்பாலும் அவர்களும் முதியோருமே. தோட்டத்தில் பக்கத்து வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருந்தது. நகரத்தில் பேச்சுத்துணை இன்றி, மூடிய கதவுக்குள் தளர்ந்துபோன தாய்மார்களை நான் கண்டிருக்கிறேன். தெருவில் தெரிந்த முகம் ஒன்று, நடந்து செல்லும் தூரத்தில் கோயிலோ கடையோ ஒன்று இருப்பது ஆடம்பரமன்று, அதுவும் தேவையே.

மழைக்கோடு தெரியாத சுவர், மலை விழாத தொலைவு, பிள்ளை நடந்து செல்லும் பள்ளி, பட்டாவில் தெளிவான பெயர். இந்நான்கும் உள்ள வீடு சிறியதாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், வீடு எவ்வளவு பெரியதாக இருப்பினும் இன்னும் ஒரு மாதம் தேடுங்கள். தலைமுறைக்கு ஒரு முறை எடுக்கும் முடிவுக்கு ஒரு மாதம் அதிகமன்று.

லயத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வருமுன்பே, இவ்விதழைப் படிக்கத் தெரிந்த பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒரு தாளில் இக்கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். நகரத்துக்கு முதன்முறை போகும்போது அந்தத் தாள் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.